பத்தொன்பது ஆண்டு விருந்தாளி

2 ஜனவரி 2025, வியாழன்

இன்று எனக்கு எழுபத்தெட்டு ஆண்டு, நான்கு மாதம், பதினொரு நாள். வயதை முழு எண்ணாகச் சொல்பவர்கள் சோம்பேறிகள். மகளிர் கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டு விலங்கியல் நடத்தியவள் நான். தவளையின் தொடை நீளத்தையே மில்லிமீட்டரில் எழுதி வரச் சொன்னவள், தன் வயதை மட்டும் ‘எண்பதை நெருங்குது’ என்று சொல்லித் திரிவது முறையன்று.

விரல் மூட்டுகள் இன்றும் வீங்கியிருக்கின்றன. முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய அணுக்கள் உடலின் மூட்டுகளையே பகையென்று எண்ணித் தாக்கும் நோய். எனக்கு வலி மாத்திரை ஆகாது, வெந்நீர் ஒத்தடந்தான். பேனாவைப் பிடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் இந்த முதியோர் குடியிருப்புக்கு நானும் என் தங்கை புனிதவதியும் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவள் என்னைவிட ஏழு வயது இளையவள், கணவனை இழந்தவள், பக்தை. நான் இவற்றுள் எதுவும் அல்லேன். அவளுக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அன்று முதல் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் தவறாமல் மாத்திரை விழுங்குகிறாள். அவை அவளுடைய நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கி வைப்பவை. அடக்காவிட்டால் அவள் உடல் அந்தச் சிறுநீரகத்தை அந்நியப் பொருளென்று தின்று தீர்த்துவிடும்.

புதிதாகக் குடிவந்த ஒருத்தி இன்று உணவுக்கூடத்தில் அவளைக் கேட்டாள்: “கிட்னி யாருங்க குடுத்தாங்க?”

“சாமி குடுத்தது” என்றாள் புனிதம், வழக்கம்போல.

நான் ரசத்தைக் குடித்தேன். உப்பு அதிகம். பாதியில் வைத்துவிட்டேன்.

4 ஜனவரி, சனி

செயலாளர் சென்னியப்பன் காப்பி தம்ளருக்குள் நான்கு துண்டுச் சீட்டுகளோடு வந்தார். பஞ்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்தையும் குலுக்கல் போட்டே முடிப்பார். குடியிருப்பில் பூசணி யாருக்கு, பால்கனி யாருக்கு என்பதெல்லாம் அந்தத் தம்ளரில்தான் தீர்மானமாயின.

பொங்கலுக்குப் பட்டிமன்றமாம். சென்ற ஆண்டு ‘இல்லறம் இனிப்பது கணவனாலா, மனைவியாலா’ என்று வைத்து, மூன்று தம்பதியர் இன்றுவரை தனித்தனி மேசையில் சாப்பிடுகிறார்கள். ஆகவே இந்த ஆண்டு யாருக்கும் வலிக்காத தலைப்பு: ‘உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல், இறைவன் படைப்பா? இயற்கையின் பரிணாமமா?’

“எடுங்க அம்மணி” என்று தம்ளரை நீட்டினார்.

படைப்பு என்று வந்தது.

“இது தவறு. நான் பரிணாமம் நடத்தியவள்.”

“தெரியுமுங்க. அதனாலென்னங்க? இங்க போட்டி பேச்சுக்குத்தானுங்க, கொள்கைக்கில்லையே. சீட்டு விழுந்தது விழுந்ததுதானுங்க.”

எதிரணியில் ஜெபமணி. தென்கோடிச் சீமையில் தலைமையாசிரியராக இருந்தவர். ஆறே நாளில் உலகம் உண்டாயிற்று என்று நெஞ்சார நம்புகிறவர். அவருக்குப் பரிணாமம். மற்ற இரு சீட்டுகளும் உப பேச்சாளர்களுக்கு. அவர்கள் கைதட்டு வாங்குவதற்கு மட்டும் வருபவர்கள்.

5 ஜனவரி, ஞாயிறு

மாத்திரைப் பெட்டி நிரப்பினேன். ஏழு நாள், பதினான்கு அறை. ஞாயிறுதோறும் இது என் வேலை. புனிதம் செய்தால் வெள்ளிக்கிழமையில் இரண்டு செவ்வாய் வந்துவிடும்.

7 ஜனவரி, செவ்வாய்

ஜெபமணி வந்தார். வியர்த்திருந்தார்.

“டீச்சரம்மா, நம்மள இப்படி மாட்டி விட்டுட்டானுவளே. குரங்குல இருந்து வந்தோம்னு இந்த வாயால எப்படிச் சொல்லுவேன்? எங்க பாஸ்டர் காதுல விழுந்தா என்ன நெனப்பாரு?”

“குரங்கிலிருந்து வரவில்லை. குரங்குக்கும் நமக்கும் பொது மூதாதை.”

“அது இன்னும் மோசமால்லா இருக்கு!”

இரண்டு மணி நேரம் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வேர்க்கடலையைக் கண்டு மூச்சை அடைத்துக் கொல்கிற படை, மகரந்தத்தைக் கண்டு தும்முகிற படை, சொந்த மூட்டைக் கடிக்கிற படை: இதை ஒருவர் திட்டமிட்டு வடித்தார் என்றால் அவர் வேலையை எந்தத் தேர்வாளரும் தேர்ச்சி என்று எழுதமாட்டார். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுப் பல கோடி ஆண்டுகளில் தானாக உருவானதால்தான் இத்தனை ஓட்டை. அவர் எழுதிக்கொண்டே போனார். முகம் துக்க வீட்டில் இருப்பது போலிருந்தது.

பதிலுக்கு அவர் எனக்குப் படைப்பின் பெருமையைச் சொன்னார். கண்ணீரிலேயே கிருமியைக் கொல்லும் பொருள் இருக்கிறதே, அழுகிறவனைக் காக்க வேறு யார் அப்படி எண்ணுவார் என்று கேட்டார். நல்ல வரி. எடுத்துக்கொண்டேன்.

9 ஜனவரி, வியாழன்

ஒத்தடம். படைப்பின் சார்பில் எட்டுப் பக்கம் எழுதி முடித்தேன். எட்டும் பொய். நடை நன்றாக அமைந்துவிட்டது.

15 ஜனவரி, புதன்

வென்றேன்.

இதைப் பெருமையில்லாமல் எழுத முயல்கிறேன். உணவுக்கூடத்தில் நாற்காலி போதாமல் நின்றுகொண்டு கேட்டார்கள். தோலைக் கோட்டைச் சுவரென்றேன். கண்ணீரை அகழி என்றேன். ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களை ஊர்க்காவலர், ஒற்றர், பழைய பகைவரின் முகத்தை நாற்பது ஆண்டு மறவாத கணக்கர் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்தப் படைக்கு ஒரு பெருமை உண்டு. பகைவனை ஒருபோதும் விடாது. சொந்தத்தை ஒருபோதும் தொடாது. உறவை அறியும் அறிவை அணுவுக்குள் வைத்தவன் யார்?” என்று கேட்டு நிறுத்தினேன்.

அப்புறம் கைதட்டு. அந்த வரியைச் சொன்னபோது என் சொந்தப் படை என் வலக்கை மூட்டுகளில் குத்திக்கொண்டிருந்தது. ஒலிவாங்கியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஜெபமணி, நான் கொடுத்த வாதங்களை ஒன்று பிசகாமல் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொரு வாதத்தின் முடிவிலும் மேலே பார்த்து, “ஆண்டவரே, மன்னியும்” என்றார். சிரிப்பு தாங்கவில்லை. ஓர் அறிவியல் உண்மை சிரிப்பில் அப்படி மூழ்கியதை நான் வகுப்பறையில்கூடக் கண்டதில்லை.

நடுவரும் சென்னியப்பன்தான். தீர்ப்பு: “பரிணாமமெல்லாம் நம்ம பெரியவங்களுக்கு அப்பவே தெரியுமுங்க. மீனு, ஆமை, பன்னின்னு அவதாரத்தையே வரிசையா அடுக்கி வெச்சுட்டாங்க. ஆனா அந்த வரிசையைப் போட்டது யாருங்க? ஆண்டவனுங்க! அதனால படைப்பே!” எனக்கு ஒரு பொன்னாடையும் ஒரு ஹாட்பாக்சும்.

புனிதம் முதல் வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும்போது, “இத்தனை வருஷம் சாமி இல்லேன்னியே, உள்ளுக்குள்ள இதையெல்லாம் வெச்சுக்கிட்டா இருந்தே அக்கா?” என்றாள்.

“அது பேச்சு” என்றேன். இன்னும் சற்று உரக்கச் சொல்லியிருக்கலாம். கழுத்தில் பொன்னாடை இருந்தது.

16 ஜனவரி, வியாழன்

நடைப்பயிற்சியில் பதினோரு பேர் பாராட்டினார்கள்.

19 ஜனவரி, ஞாயிறு

மாத்திரைப் பெட்டியின் பதினான்கு அறையும் காலி. ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள். நிரப்பினேன். ஜெபமணி இன்று சபைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாராம், அங்கேயும் சிரித்துவிட்டார்கள்போலும்.

23 ஜனவரி, வியாழன்

புனிதத்துக்குச் செருப்பு நுழையவில்லை. “புதுச் செருப்பு அக்கா, கடிக்குது” என்றாள். அது சென்ற சித்திரையில் வாங்கியது.

நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, ஹாட்பாக்சில் இட்லி எத்தனை மணி நேரம் சூடாக இருக்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தேன். கவனிப்பது வேறு, கவலைப்படுவது வேறு. தேர்வுத்தாளில் இந்த வேறுபாட்டுக்கு நான் இரண்டு மதிப்பெண் தருவேன்.

26 ஜனவரி, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்ததும் சென்னியப்பன் வீட்டுக்கு வந்தார். மனைவிக்குக் காய்ச்சலாம், நெற்றியில் இட, பிரதோஷத்தன்று கோயிலிலிருந்து புனிதம் கொண்டுவந்த திருநீறு கொஞ்சம் வேண்டுமாம். புனிதம் படுத்திருந்தாள். “தலை சுத்துது, நீயே எடுத்துக் குடுத்துடாதே, நான் வரேன்” என்று உள்ளிருந்து பதறிக்கொண்டு எழ முயன்றாள். அந்தப் பதற்றம் எனக்குப் புரியவில்லை.

ஆறு ஆண்டில் முதன்முறையாக அந்த விபூதிச் சம்புடத்தைத் திறந்தேன். திருநீற்றுக்குள் பாதி புதைந்து மாத்திரைகள். எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மட்டும் இருபத்தொன்று. மற்றவற்றை எண்ணவில்லை. பதினாறாம் தேதி காலையிலிருந்து ஒன்றைக்கூட விழுங்கவில்லை. இந்த வீட்டில் என் கை ஒருபோதும் தொடாத ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மூடநம்பிக்கைக்காரிக்கு எத்தனை துல்லியமான அறிவு!

“ஏன்டீ?” என்றேன்.

“நீதானேக்கா மைக்ல சொன்னே, சொந்தத்தை ஒருபோதும் தொடாதுன்னு? பத்தொம்பது வருஷமா உள்ளேயே குடியிருக்கு. இன்னுமா அதுக்கு அடையாளம் தெரியாது?”

அதன்பின் இன்னொரு வாக்கியமும் சொன்னாள். அதை இங்கே எழுத விரும்பவில்லை.

சென்னியப்பன் கையில் காகிதத்தோடு நின்றுகொண்டேயிருந்தார். “காரை எடுக்கட்டுங்களா அம்மணி?” என்றார். அந்த மனிதர் குலுக்கல் போடாமல் எடுத்த முதல் முடிவு அது.

27 ஜனவரி, திங்கள்

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், புனிதத்தின் ரத்தத்தில் ஒன்று புள்ளி மூன்றாக இருந்தது, இன்று மூன்று புள்ளி ஒன்று. உடல் சிறுநீரகத்தை விரட்டத் தொடங்கிவிட்டது. மருத்துவர் தாட்சாயணி நாற்பது வயதுக்குள்தான் இருப்பாள். கோபத்தைப் பற்களுக்கிடையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

“பத்தொம்பது வருஷம் ஒருத்தங்களுக்கு இது ஓடறதே அபூர்வம்மா. அதைப் போய் நிறுத்துவாங்களா? யார் சொன்னா நிறுத்தச் சொல்லி?”

புனிதம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “நானாத்தான்” என்றாள்.

மூன்று நாள் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. அதற்கு மசியாவிட்டால் மறுபடியும் டயாலிசிஸ். “அப்புறம் இன்னொண்ணு கெடைக்கறதெல்லாம் இந்த வயசுல...” என்று மருத்துவர் என் பக்கம் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். ஜனவரி முன்கூட்டியே கிழிபட்டிருந்தது.

“நீங்களும் ஒரு ரத்தம் குடுத்துட்டுப் போங்கம்மா. உங்களுக்கும் வருஷம் ஆச்சு.”

கொடுத்தேன். என்னுடையது வழக்கமான ஆண்டுப் பரிசோதனை.

28 ஜனவரி, செவ்வாய்

மூன்று புள்ளி இரண்டு.

29 ஜனவரி, புதன்

இரண்டு புள்ளி ஒன்பது. பிரம்பு நாற்காலியில் இரவெல்லாம் வலப்பக்கம் சாய்ந்தே இருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. குளிர்காலத்தில் எனக்கு இடப்பக்கம் இழுக்கும்.

30 ஜனவரி, வியாழன்

இரண்டு புள்ளி இரண்டு. தப்பித்தது என்றாள் மருத்துவர். பழைய அளவுக்குத் திரும்பாதாம், ஆனால் ஓடுமாம், மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடாவிட்டால்.

புனிதம் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “சொட்டு மருந்துலயே சரியாயிடுச்சுல்ல. மாத்திரை வேண்டாம். நான் சாமிகிட்டயே விட்டுட்டேன்” என்றாள்.

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். நெஞ்செலும்புக்குப் பின்னே தைமஸ் என்று ஒரு சிறு சுரப்பி. அது ஒரு பள்ளிக்கூடம். எதிர்ப்பு அணுக்கள் அங்கேதான் சொந்தம் எது, அந்நியம் எது என்று படிக்கின்றன. சொந்தத்தைத் தாக்குகிற மாணவரை அங்கேயே ஒழித்துவிடுவார்கள். ஆனாலும் சிலர் தப்பி வெளியே வந்துவிடுவார்கள், என் விரல்களைக் கேள். அந்தப் பள்ளி இளமையிலேயே ஏறக்குறைய மூடிவிடும். ஐம்பத்திரண்டாம் வயதில் உள்ளே வந்த ஒன்றை யாரும் பாடத்தில் சேர்க்கமாட்டார்கள். அது பத்தொன்பது ஆண்டு இருந்தாலும் விருந்தாளிதான், வீட்டுக்காரி ஆகாது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “நீ அன்னிக்கு மைக்ல பேசினது பொய்யா, இப்போ பேசறது பொய்யா?” என்றாள்.

“அன்றைக்குப் பேசியது.”

“பொய்யை ஏன் அவ்வளவு அழகாப் பேசினே?”

எழுபத்தெட்டு ஆண்டில் இவ்வளவு கூர்மையான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தேர்வாளர்கள் உட்பட.

1 பிப்ரவரி, சனி

ஜெபமணி இடியாப்பத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். நான் வெளியே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். உண்மையான பக்தர் ஒருவர் சொன்னால் கேட்பாள் என்று கணக்கிட்டேன். அவரும் உள்ளே போய் மிகுந்த உருக்கத்தோடு, “அம்மா, மாத்திரையும் ஆண்டவர் தந்ததுதாம்மா. அதை வேண்டாம்னு சொல்லலாமா?” என்றார்.

புனிதம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சார், நீங்க பரிணாமக் கட்சி. உங்க பேச்சை எப்படி நம்பறது?”

பாவம், அந்த மனிதர் இடியாப்பத்தை வைத்துவிட்டு வராந்தாவில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். “டீச்சரம்மா, அந்தச் சீட்டு நம்ம ரெண்டு பேரையும் நாசம் பண்ணிட்டுல்லா?” என்றார்.

மாலையில் புனிதம் தானாகப் பேசினாள். “மாத்திரை போடறேன். ஆனா ஒரு நிபந்தனை. பத்தொம்பது வருஷமா என்னை ஒரு விஷயத்தைச் சொல்லவிடாம வெச்சிருக்கியே. அதை நீயே சொல்லணும். அதே உணவுக்கூடத்துல, அதே மைக்ல, எல்லார் முன்னாடியும்.”

“முடியாது.”

“அப்போ விட்டுடு. கேக்கறவங்களுக்கெல்லாம் சாமி குடுத்துச்சு, சாமி குடுத்துச்சுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளிச்சுப் போச்சுக்கா. அந்தச் சாமியே கேட்டா சிரிக்கும்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இது மிரட்டல். படித்தவளான என்னிடம் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் செய்யும் மிரட்டல். நேர்த்தியான மிரட்டல் என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

காலை ஏழு மணி. நேற்று இரவே வீடு திரும்பிவிட்டோம். நேற்று இரவு வேளையைச் செவிலி கண் முன்னால் கொடுத்து அனுப்பினாள். இன்று காலை ஒன்பது மணி வேளைக்கு யாரும் பொறுப்பில்லை, என்னைத் தவிர.

எட்டரைக்குச் சிற்றுண்டி. சென்னியப்பனிடம் இரண்டு நிமிடம் ஒலிவாங்கி கேட்டேன்.

“என்ன தலைப்புங்க அம்மணி?”

“என் பேச்சுக்கு என் மறுப்புரை.”

“அதுக்கு எதிரணி வேணுமேங்க?”

“இருக்கிறது. முதல் வரிசையில் உட்காரும்.”

புனிதம் இப்போதே குளித்து, திருநீறு இட்டு, மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறாள். நான் சொன்ன பிறகுதான் விழுங்குவாளாம். தண்ணீர்ப் புட்டியை என் கையில் கொடுத்திருக்கிறாள்.

மேடைக்கு முன்னால் எப்போதும் எழுதிப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். 2005 நவம்பரில் நான் போட்ட நிபந்தனை: யாரிடமும் சொல்லக்கூடாது, என்னிடம் ஒருமுறைகூட நன்றி சொல்லக்கூடாது, சொன்னால் மருத்துவமனைக்கே வரமாட்டேன். நன்றியுணர்ச்சி தினமும் வீட்டுக்குள் நடமாடுவதை என்னால் தாங்கமுடியாது என்பது நான் சொன்ன காரணம். அவள் கீழ்ப்படிந்தாள். கேட்டவர்களுக்கு ஏதேனும் பதில் சொல்லியாக வேண்டுமே, கடவுளைச் சொன்னாள். ஆக, பத்தொன்பது ஆண்டுகளாக எனக்கு வர வேண்டிய பெயரை, நான் இல்லையென்று நிரூபிக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டிருக்கிறார். அதில் எனக்குப் பொறாமை இருந்தது. அதையும் இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை. போதாக்குறைக்குப் பொங்கல் விழாவில் நானே மேடையேறிப் பன்னிரண்டு நிமிடம் அவருக்கே பாடினேன், ஒரு ஹாட்பாக்சுக்காக.

இருபத்தாறாம் தேதி புனிதம் சொல்லி நான் எழுதாமல் விட்ட வாக்கியம்: “தங்கச்சி உடம்புக்கு அக்காவைத் தெரியாமப் போகுமா?”

போகும். அணுவுக்கு அக்கா தெரியாது. அதற்காகத்தான் மாத்திரை.

எட்டு இருபது. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்கிறது. நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

“புனிதவதிக்குள் பத்தொன்பது ஆண்டுகளாக உழைக்கும் சிறுநீரகம் சாமி கொடுத்ததன்று. அது என்னுடைய இடப்பக்கத்தது.”